பிண வேஷம்

எங்கள் நகைச்சுவை நாடகத்தில் இருபது வருஷமாகப் பிணம் நான்தான். என்னை நடுவில் போட்டுவிட்டு உறவெல்லாம் சொத்துக்கு அடித்துக்கொள்ளும்; அரங்கமே குலுங்கும்.

அதைப் படமாக்கிய இயக்குநர் என் பால்ய நண்பன்.

"நீ இல்லாம படமாடா? மேக்கப்புக்கு அளவு எடுக்கணும், வா."

மாவுக்கட்டு மாவை முகம் முழுக்க அப்பி, "காயற வரைக்கும் அசையாதே" என்றான். எனக்கா சொல்லித்தர வேண்டும்?

படம் வெளியானது. திரையில் பிணத்தைப் பார்த்ததும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடையில உங்க வயிறு ஏறி இறங்கும். இதுல மூச்சே தெரியல, அசத்திட்டீங்க! எப்பங்க போய் நடிச்சீங்க?"

அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

ஆனால் படப்பிடிப்புக்கு அந்தப் பாவி என்னைக் கூப்பிடவே இல்லை. என் இடத்தில் எவனைக் கிடத்தியிருக்கிறான் என்று பார்க்கத்தான் வந்தேன்.

கிடந்தது, என் முகத்தில் எடுத்த அச்சில் வார்த்த ரப்பர் பொம்மை.