கட்டைவிரல் வைக்காத சோதனை

உங்களை யாரென்றே தெரியாத வீட்டில் குடிவைத்தால் எப்படித் தவிப்பீர்கள்? இ-சேவை மையத்துக் கைரேகைக் கருவி அப்படித்தான் தவித்தது.

பழைய கணினிக்குப் பதிலாக, மூளையை எங்கோ தூரத்தில் வைத்திருக்கும் குட்டிப் பெட்டிகள் இரண்டு வந்திருந்தன. முதல் பெட்டியின் பிரவுசரில் சான்றிதழ் பக்கமே திறக்கவில்லை; சோதித்துப் பார்த்த மைய ஊழியர்கள் அதைத் திருப்பிக் கட்டி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதில் திறந்தது.

"என்னைத் தெரியுதா தம்பி?" என்று கருவி மினுக்கி மினுக்கிக் கேட்டது.

"வயர்ல ஏதோ தொங்குது. யாருன்னுதான் தெரியல" என்றது பெட்டி.

"என்னைத் தெரியும்ல, போதும்" என்று பிரிண்டர் சிரித்தது. "ஒரு தாள் அடிச்சுக் காட்டினா, இந்தப் பெட்டியே போதும்னு ஊழியருங்க கையெழுத்துப் போட்டு வாங்கிருவாங்க. நீ அட்டைப்பெட்டிக்குக் கிளம்பு."

அப்போது முதல் ஆளாக ஓர் அம்மாள், கட்டைவிரலைப் புடவையில் துடைத்தபடி உள்ளே வந்தாள். பிரிண்டரோ சோதனைத் தாளை இழுக்கத் தொடங்கிவிட்டது.

"அண்ணே, அண்ணே!" என்றது கருவி. "அந்தம்மா என்மேல விரல் வச்சாத்தான், இந்தப் பெட்டிக்கு என்னைத் தெரியலன்னு ஊழியருங்களுக்கு உறைக்கும். அதுவரைக்கும் தாளைக் கொஞ்சம் சிக்க வச்சுக்கங்க. தினமும் பண்றதுதானே!"