சுவரைப் பார்த்து நின்ற டீச்சர்

“ஏனுங்க டீச்சரம்மா, அங்க புள்ளைங்க ஓடப் போகுது. நீங்க இங்க வந்து செவுத்தைப் பாத்துட்டு நிக்கறீங்க?”

போத்தனூர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர் ரசாக் பாய். வாளியை வைக்கச் சாமான் அறைக்குப் பின்னால் வந்தவர், அங்கே ஒரு டீச்சர் ஒளிந்து நிற்பதைக் கண்டு திகைத்துப் போனார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கூத்தை அவர் பார்த்ததில்லை.

“நான் இங்கயே இருந்துக்கறேனுங்க பாய்,” என்றாள் கோமளா டீச்சர்.

“எந்த ஊருங்க?”

“கிணத்துக்கடவுப் பக்கமுங்க. பொண்ணுங்களை ஓட விடறதே எங்க பள்ளிக்கூட நிர்வாகிக்குப் புடிக்கலீங்க. ஒரு பரிசாச்சும் வாங்கிட்டு வாங்க, இல்லாட்டி அடுத்த வருசத்துல இருந்து வெளையாட்டு நேரத்துல எல்லாரும் உக்காந்து தக்ளியில நூல் நூக்கட்டும்னு சொல்லிப்போட்டாரு. விடியக்காலையில நானும் சேலையைச் செருகிட்டு, புள்ளைங்க பின்னாலயே ஓடி ஓடிப் பழக்குனேனுங்க. ஊரே சிரிச்சுது.”

“காலைல ஒரு ஓட்டம் இருந்துச்சே?”

“அது போச்சுங்க. மிச்சம் இது ஒண்ணுதான்.”

பாய்க்கு ஞாபகம் வந்தது. “ஜெயிக்க வேண்டிய புள்ள ஒண்ணு கடைசியில நின்னுபோச்சுன்னு பேசிக்கிட்டாங்க. அது உங்க புள்ளைதானுங்களா? கால் கீல் சுளுக்கீருச்சா?”

“காலெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க.”

“அப்ப பயந்துக்குச்சாட்ட இருக்குது. நீங்க போயி முடிவுக் கயித்துக்கிட்ட நில்லுங்க. அதுக்கு ஒரு தெம்பா இருக்கும்.”

“ஐயோ, வேண்டாமுங்க,” என்று பதறினாள் கோமளா.

பாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஜெயித்தால் மாலைக்குக் கழுத்தை நீட்டுவதும், தோற்கிற மாதிரி இருந்தால் சுவருக்குப் பின்னால் பதுங்குவதும் என்ன நியாயம்? இந்த அம்மாவை நம்பி ஒரு குழந்தை அங்கே தனியாக நிற்கிறதே, பாவம்.

விசில் சத்தம் கேட்டது. பாய் சுவர் ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தார். கோமளா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“பச்சைப் பாவாடைங்க பாய், ரெட்டைச் சடை. பேரு பாவாத்தா. வர்றாளுங்களா?”

“முன்னாலதான் வருதுங்க. இன்னொண்ணு ஒட்டிக்கிட்டே வருது.”

“நிக்கலீங்களே?”

“எதுக்குங்க நிக்குது? காத்தாட்டப் பறக்குது.”

“கயித்துக்கிட்ட வந்துட்டாளா? அங்கயும் நிக்கலீங்களே?”

“நிக்கலீங்க. தொட்டுருச்சு. உங்க புள்ளைதானுங்க முதல்ல.”

கோமளா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள். அதைப் பார்த்ததும் பாயின் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“இவ்வளவு பாசத்தை வெச்சுக்கிட்டு, அது ஜெயிக்கறதைக் கண்ணால பாக்காம உட்டுப்போட்டீங்களே டீச்சரம்மா?”

கோமளா அழுகையினூடே சிரித்தாள்.

“காலைல கயித்துக்கிட்டத்தானுங்க நின்னேன். முதல்ல வந்தவ என்னையப் பாத்ததும் சட்டுனு நின்னு, ரெண்டு கையும் கூப்பி, ‘வணக்கமுங்க டீச்சர்’னா. அதுக்குள்ள எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க. அப்படி நிக்கக் கூடாது கண்ணுன்னு மத்தியானம் பூராச் சொல்லிப் பாத்துட்டேன். ‘டீச்சரைக் கண்டும் காணாத மாதிரி எப்படிங்க ஓடறது?’ங்கறாளுங்க பாய்.”