நாற்பத்தொன்றாவது பெட்டி

புதுவீட்டு விருந்துக்கு எத்தனை சோற்றுப்பெட்டி கட்டுவது என்பதை ரெத்னோவின் மைக்ரோகண்ட்ரோலர்தான் சொல்லவேண்டும். ஒரு கிண்ணம் பக்ஸோ சூப்பின் விலைகூட வராத சில்லு. வாசல் நிலையில் இருந்துகொண்டு உள்ளே வருபவரைக் கூட்டும், வெளியே போகிறவரைக் கழிக்கும். மூன்று வாரம் உட்கார்ந்து அவளே எழுதிய புரோகிராம். மலாங்கில் அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் அப்படியொன்று கிடையாது.

துஆ ஓத ஆண்கள் பாயில் அமர்ந்ததும், வீட்டாட்கள் புழங்கும் பின்வாசல் வழியாகக் கொழுந்தன் குன்தோரோ சமையலறைக்கு வந்தான்.

"அண்ணி, ஒங்க மிஷின் நாப்பத்தொண்ணுங்குது. நான் ரெண்டு தரம் எண்ணிட்டேன், நாப்பதுதான். ஏதாவது ஒயர சும்மா தொங்கவிட்டிருப்பீங்க. காத்தையும் ஆளுன்னு எண்ணுது."

"யாருகிட்ட சொல்றே? எந்த ஒயரும் தொங்காம ரெசிஸ்டர் போட்டுப் புடிச்சிருக்கேன். போய்த் தெறந்து பாரு."

திறந்து பார்த்தான். ரெசிஸ்டர் இருந்தது. ரெத்னோ நாற்பத்தொரு பெட்டி கட்டிக் கூடத்துக்கு அனுப்பினாள்.

ஓதி முடித்து ஆளுக்கொரு பெட்டியோடு கிளம்பினார்கள். குன்தோரோ ஒவ்வொருவராக எண்ணினான். நாற்பது பேர்.

"மிச்சத்த நான் எடுத்துக்கறேன் அண்ணி" என்று கூடத்துக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். பாயின் மூலையில் ஒரு பெட்டி திறந்திருந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை. கோழி எலும்புகள் மூடியில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

வாசல் நிலையில் 1 என்று ஒளிர்ந்தது.

ரெத்னோ கையைத் துடைத்தபடி வந்து பார்த்தாள். முகமெல்லாம் பெருமை.

"எம் மிஷின் தப்பாச் சொல்லுமா? இன்னும் கெளம்பல பாரு. போய் டீ எடுத்துட்டு வா."