தப்பான கோர்ட்

"நம்ம அப்பீலை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லையாம். திருப்பி அனுப்பிட்டாங்க!" வக்கீல் சிரித்தபடி நாற்காலியில் சாய்ந்தார்.

எதிரே கல் அறுக்கும் பட்டறையின் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"முகம் ஏன் வாடிப்போச்சு? வேணும்னேதான் தப்பான கோர்ட்ல போட்டேன். அடுத்ததும் அப்படித்தான். பொதுத் தொல்லைன்னு பட்டறையை மூடச் சொன்ன உத்தரவு அதுவரைக்கும் தூங்கும், உங்க மெஷின் ஓடும்."

"இனி தேவையில்ல சார். கேஸ் போட்ட பின்வீட்டு அம்மா நேத்து போய்ட்டாங்க. தூசி நெஞ்சை அடைச்சிருச்சு."

"அடடே! அப்ப தலைவலி விட்டுது." வக்கீல் கேஸ் கட்டை மூடினார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஒண்ணுதான் இடிக்குது. வாரிசு யாராவது கேஸைத் தொடர்ந்து நடத்தலாம். அந்தம்மாவுக்குப் புள்ளைங்க உண்டா?"

"அவங்க மனுவுலயே இருக்குமே. படிக்கலையா?"

"எந்தக் கோர்ட்டுன்னு மட்டும்தான் நான் பார்ப்பேன். இருக்காங்களா, இல்லையா?"

பட்டறைக்காரர் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"ஒரே மகன் சார். அடக்கத்தை முடிச்சிட்டு நேரா இங்கதான் வர்றேன்."