ஆணியில் தொங்கிய கோட்டு

படத்தைப் பார்த்ததும் கமலாம்பிகை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சந்தோசம் தாங்காமல்தான் என்று செர்கேய் நினைத்தார். ஓவியர்களுக்கு அப்படி நினைக்கிற வியாதி உண்டு.

பிறக்கும்போது அவர் ரஷ்யாவில் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை. எட்டு வயதில் புரட்சிக்குத் தப்பி, அம்மாவோடு கப்பல் ஏறினார். பாரிசில் சுவர்களுக்கு வெள்ளையடித்து, பிறகு படம் வரையப் பழகி, கடைசியில் கனடாவின் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியில் வந்து ஒதுங்கினார். மாளிகையிலிருந்து மிஞ்சியது, ஆணியில் தொங்கும் ஒரு கம்பளிக் கோட்டு மட்டும். எந்தக் குளிருக்கும் அவர் அதைப் போடுவதில்லை.

மேல்மாடிக் கமலாம்பிகை வரையக் கொடுத்தது மகன் சுலக்சனின் அடையாள அட்டைப் படம். முத்திரையளவு. கழுத்தோடு முடிந்துவிட்டது. கீழே என்னத்தை வரைவது?

எதிர்வீட்டுச் சிவபாதம் தகப்பனின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கும் எரியவிட்டிருந்தது செர்கேய்க்கு ஞாபகம் வந்தது. அன்பானவர்களைத் தமிழர் இப்படித்தான் கொண்டாடுவார்கள் போலும் என்று, ஒவ்வொரு மல்லிகையாக வரைந்து முடித்தார். முதுகு ஒடிந்துபோயிற்று.

"அங்கிள், உந்த மாலையை அழியுங்கோ! அது செத்த ஆக்களுக்குப் போடுறது. என்ரை பிள்ளையை ஆமி பிடிச்சது, இன்னும் விடேல்லை. அவ்வளவுதான்."

அழுதழுது அதையே அரைகுறை ஆங்கிலத்திலும் சொன்னாள். ஆறு வருசமாகச் சொந்தக்காரர் எல்லோரும் மாலையைப் போடு என்று நிற்கிறார்கள், தான் ஒருத்திதான் மறித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

செர்கேய்க்கு வெட்கமாகப் போய்விட்டது. காயாத மாலையைத் துணியால் துடைத்து எடுத்தார். பிறகு, அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டார்.

"சேட்டுப் போடவும் விடேல்லை, அங்கிள். வெறும் மேலோடை கொண்டுபோனவங்கள்."

அவர் எழுந்து போய் ஆணியிலிருந்த கோட்டைக் கழற்றி எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் பித்தளைப் பொத்தான்களைப் பார்த்துப் பார்த்து வரையத் தொடங்கினார்.

யாழ்ப்பாணத்து வெயிலுக்கு இதென்ன கோட்டு என்று கமலாம்பிகை கேட்டாள். அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தன் அண்ணனுடையது என்றார் செர்கேய். அவனையும் படுக்கையிலிருந்து அப்படியே இழுத்துக்கொண்டு போனார்களாம். திரும்பி வரும்போது குளிருமே என்று அம்மாதான் அதைக் கையோடு எடுத்துவந்தாராம்.