மூக்கு திறந்த காலை

குளியலறைக் கண்ணாடி முன் தச்சர் தலையைச் சற்றே தாழ்த்தி நிற்கிறார். புருவத்தில் நேற்றைய மரத்தூள் ஒட்டியிருக்கிறது. மூக்கடைப்புக்கு வாங்கிய ஸ்பிரே புட்டியைக் குலுக்குகிறார். "அண்ணே, மூக்கு நடுத்தண்டுல அடிச்சா ரத்தம் வரும். வலது கையால இடது மூக்குல, காதுப் பக்கமாச் சாய்ச்சு அடிங்க. வேகமா உறிஞ்சாதீங்க. ஸ்டீராய்டுன்னு பயந்து நடுவுல விட்டுடாதீங்க, ரெண்டு வாரத்துல வாசனை தெரியும்" என்று மருந்துக்கடைப் பெண் சொன்னதை இம்மி பிசகாமல் செய்கிறார். கை மாற்றி மறு மூக்கிலும் அடித்து, முனையைத் துடைத்து மூடுகிறார். இன்று பதினான்காவது நாள். சோப்பு மணக்கிறது. ஈரத்துண்டுகூட மணக்கிறது. அலமாரியைத் திறக்கிறார். மனைவி கடைசியாகப் போர்த்திய கம்பளிச் சால்வை, ஏழு மாதமாகத் துவைக்காமல் மடித்தபடியே இருக்கிறது. இத்தனை நாளும் அடைத்த மூக்கோடு அதைத் தடவித்தான் பார்த்திருக்கிறார். "வந்துட்டேன்டி" என்று முணுமுணுத்தபடி அதில் முகம் புதைக்கிறார். அந்துருண்டை நெடி குப்பென்று ஏறுகிறது. அதைத் தவிர ஒன்றுமில்லை. பூச்சி அரித்துவிடக் கூடாதென்று மாதாமாதம் மடிப்புக்கு மடிப்பு அள்ளிப் போட்டது அவர்தான். நெடி அப்போது தெரியவில்லை. மருந்து நன்றாகவே வேலை செய்கிறது.