நன்றியுரை

கடைசி வரிசையில் மெக்கானிக்கைப் பார்த்ததுமே மூத்த மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பள்ளிக்கூட ஹாலில் அப்பாவுக்கு நினைவுக் கூட்டம். முன்வரிசையில் அம்மா.

"கணக்கு சார் மாதிரி ஒரு பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை" என்று மைக்கில் உருகினார் தலைமையாசிரியை.

அடுத்து தங்கை. "ஸ்கூலுக்குக் கிளம்புற அவசரத்துலயும் எங்க எல்லாருக்கும் ஷூ பாலிஷ் போட்டுட்டுத்தான் கிளம்புவார் அப்பா..." அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

எல்லாம் உண்மைதான். ஆனால் எட்டாம் வகுப்பில் அப்பா விட்ட ஒரே அறையில் இந்த மெக்கானிக்கின் இடது காது போனதும் உண்மை. அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் மகன். வீட்டில் இன்றுவரை மூச்சு விட்டதில்லை.

"வேற யாராவது பேசறீங்களா?"

மெக்கானிக் எழுந்தான். "நான் ரெண்டு வார்த்தை சொல்லணும்."

மகன் பாதி எழுந்துவிட்டான். இத்தனை வருஷம் கழித்து, இன்றைக்குப் பார்த்தா வரவேண்டும்? இத்தனை பேர் நடுவில் மானம் போய்விடுமே!

அம்மா திரும்பிப் பார்த்தாள். "பேசட்டும்ப்பா."

பாவம், விஷயம் தெரியாமல் சொல்கிறாள். கேட்டால் தாங்குவாளா?

மெக்கானிக் பாதி தூரம் வந்துவிட்டான். மகன் ஓடாத குறையாக மேடையேறி மைக்கைப் பிடுங்கினான்.

"நேரமாயிடுச்சு. வந்த எல்லாருக்கும் குடும்பத்து சார்பா நன்றி. வணக்கம்!"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. கூட்டம் கலைந்தது. மெக்கானிக் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டான்.

அம்மாவையும் தங்கையையும் காரில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினால், வாசலில் அவன்! ஒண்டிக்கு ஒண்டி.

"நீ என்ன சொல்ல வந்தேன்னு எனக்குத் தெரியும்" என்று முந்திக்கொண்டான் மகன். "தப்புதான். ஆனா போய்ச் சேர்ந்தவரை விட்டுடு. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"அம்மாவுக்கா?" மெக்கானிக் விழித்தான். "அவங்களும்தானே கூட வந்தாங்க."

"எங்கே?"

"என் வீட்டுக்கு. சார் ரிட்டயர் ஆன மறுநாள்."

மகன் கார் போன திசையைத் திரும்பிப் பார்த்தான்.

"வகுப்பு முன்னாடி அடிச்சுட்டு, தனியா மன்னிப்பு கேட்டா எப்படிடான்னாரு. என் பெண்டாட்டி, பிள்ளைங்க எல்லாரையும் கூப்பிட்டு நிக்கவெச்சு, எனக்குக் கைகூப்பினாரு. அதைத்தான் இத்தனை பேர் முன்னாடி சொல்லலாம்னு ஓடிவந்தேன்."

ஹாலுக்குள் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.